முடிச்சுக்குக் கீழே நாலு விரல்

மார்லீஸ் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தபோதே ஹார்க்குக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சம்பளப் பிரிவுக்காரி, ஏதோ கையெழுத்துக்கு வருகிறாள் என்று நினைத்து அவன் பேனாவை எடுத்தான். அடுத்த நொடி கழுத்துக்குக் கீழே 'சரக்' என்றது. அப்பாவின் பட்டு டையில் முக்கால்வாசி அவள் கையில் இருந்தது. மீதி அரைச் சாண் அவன் சட்டைமேல் தொங்கியது.

"அலாஃப், ஆலோசகர் சார்," என்று வாழ்த்திவிட்டு, வழக்கப்படி கன்னத்தில் ஒரு முத்தமும் வைத்துவிட்டு அவள் போனாள். வெட்டிய டையைத் தன் பிரிவின் பலகையில் குத்தினாள். அங்கே ஏற்கெனவே ஐந்து டை தொங்கின. மணி ஒன்பதே கால்கூட ஆகவில்லை.

கொலோன் ஊரில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. கார்னிவலுக்கு முந்திய வியாழக்கிழமை, ஈஸ்டரிலிருந்து பின்னோக்கி எண்ணினால் வருகிற நாள், பெண்கள் ராஜ்யம். எந்த ஆண் டை கட்டிக்கொண்டு வந்தாலும் வெட்டு உண்டு, வெட்டுக்கு ஒரு முத்தம் கூலி. அதனால் உள்ளூர் ஆண்கள் அன்றைக்கு மாமியார் வீட்டில் கொடுத்த, பிடிக்காத டையாகத் தேடிக் கட்டிக்கொண்டு வருவார்கள். இருப்பதிலேயே நல்ல டையைக் கட்டிக்கொண்டு வந்தவன் ஹார்க் ஒருவன்தான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஊர் ஹூசும். வடகடல் ஓரம், ஆடுகளும் காற்றும் அதிகம், பேச்சு குறைவு. கார்னிவல் என்றால் திங்கட்கிழமை ஊர்வலம் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தான். திங்கட்கிழமை வேலை நடக்காது என்று கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டு, நாலு நாள் முன்னதாக, வியாழன் மத்தியானம் இரண்டு மணிக்குத் தன் முதல் அறிக்கையை வாசிக்கிறேன் என்று லிஃப்ட் கம்பெனி முதலாளி ஓவராட்டுக்கு அவனே நாள் குறித்துக் கொடுத்தான். தொலைபேசியில் அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். "வாங்க, வாங்க, அருமையான நாள்" என்றார்கள். கொலோன்காரர்கள் நல்லவர்கள்தான், ஆனால் வேடிக்கை பார்க்கிற சந்தர்ப்பத்தை மட்டும் விடமாட்டார்கள்.

இது நடந்தது எண்பத்தெட்டில். இன்றைக்கு ஆலோசகர் என்று வருகிற பிள்ளைகள் ஓட்டப்பந்தய ஷூவோடு வந்து மேசைமேல் மடிக்கணினியைத் திறக்கிறார்கள். கழுத்தில் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமைக் கத்தரிக்கோல்கள் வெட்ட ஏதும் கிடைக்காமல் காகிதத்தை வெட்டிக்கொண்டிருக்கின்றன. அப்போது அப்படியில்லை. வாசலில் தொலைபேசி இணைப்புப் பலகை, அதற்கொரு ஆள், சுவரில் பெரிதாகக் காட்டும் ஒளிபெருக்கி விளக்கு, அதில் வைக்க எழுதிய கண்ணாடித் தாள்கள், கறுப்பு கோட், டை. நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

டை விஷயத்தில் ஹார்க்கின் ஆலோசனை நிறுவன மேலதிகாரி ஆலர்ஸ் ஒரு வேதமே வைத்திருந்தார். பிரேமன் நகரத்துக்காரர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு தாளை நீட்டினார். கருநீல கோட், வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ, டையின் நுனி இடுப்புப் பட்டையின் கொக்கியைத் தொட வேண்டும், அதைத் தாண்டக் கூடாது.

"வாசல்ல நுழையறப்பவே முடிவாயிடும், ஹார்க். அப்புறம் நாம பேசறதெல்லாம் சும்மா," என்றார். கூடவே, வியாழன் சரியாகப் போனால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் சனிக்கிழமை ஹூசும் ரயில் என்பதையும் வானிலை சொல்வதுபோலச் சொல்லிவைத்தார். கடற்கரை பராமரிப்பு இலாகாவில் கைநிறையச் சம்பளத்தோடு இருந்த அரசாங்க வேலையை விட்டுவிட்டு வந்தவன் ஹார்க். திரும்பிப் போனால் ஹூசுமில் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வெறுமனே பார்ப்பார்கள். அது இன்னும் மோசம்.

டை வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அவன் அப்பா மெல்ஃப் துறைமுக மதகைத் திறந்து மூடுகிறவர். அம்மா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில், புது வேலை எங்கே என்று அவர் கேட்டார். கொலோனில் ஒரு லிஃப்ட் கம்பெனி என்றான்.

"ஓவராட்டா?" என்றார் அப்பா.

அவருக்கு எப்படித் தெரியும் என்று ஹார்க் யோசிக்கவில்லை. ஹூசும் மருத்துவமனை லிஃப்டில் அந்தப் பெயரைப் படித்திருப்பார். எந்த நாள் அறிக்கை என்றும் அப்பா கேட்டார். பதினொன்றாம் தேதி வியாழன் என்றதும் எழுந்து, சுவரில் தொங்கிய, கடலின் ஏற்ற இறக்கம் காட்டும் ஓதக் காலண்டரில் விரல் வைத்து, ஈஸ்டரிலிருந்து பின்னோக்கி வாரம் வாரமாக எண்ணினார். பிறகு அலமாரியைத் திறந்து, அடியில் சுருட்டி வைத்திருந்த ஒரு டையை எடுத்து வந்தார். கருநீலப் பட்டு, மெல்லிய வெள்ளிக் கோடு.

"அன்னிக்கு இதைக் கட்டிக்கோ. மத்த நாள்ல வேண்டாம்," என்றார்.

பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்று ஹார்க் சொன்னதற்கு, அப்படியொன்றும் அவசியமில்லை என்றார். அந்த டையை அப்பா தங்கள் கல்யாணத்துக்குக்கூடக் கட்டவில்லை என்று அம்மா ஒருமுறை குறைப்பட்டது ஹார்க்குக்கு நினைவிருந்தது. கல்யாணத்துக்கே கட்டாததை மகனுக்குக் கொடுக்கிறார் என்றால் சும்மாவா? அந்த வியாழன் காலை விடுதியில் கண்ணாடிமுன் நின்று கட்டும்போது, முடிச்சுக்குக் கீழே நாலு விரல் தள்ளிப் பின்பக்கம் ஒரு சின்ன மேடு விரலில் தட்டியது. பழைய காலத்துத் தையல் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

அந்த டைதான் இப்போது மார்லீஸின் பலகையில்.

இரண்டு மணிக்குள் எப்படியாவது கழுத்தை நேராக்க வேண்டும். ஹார்க் வாசலுக்கு ஓடினான். இணைப்புப் பலகையில் ஸ்டீனா உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், தலையில் பூனைக் காது. மொத்தத் தொழிற்சாலைக்கும் ஸ்டீனாக்கா. மீதி டையை அவிழ்த்து, இதைக் கொஞ்சம் வைத்திருங்கள், தைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் நீட்டினான்.

ஸ்டீனா அதைத் திருப்பிப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"எங்க வாங்கினது இது?"

"எங்க அப்பாவோடது."

"எந்த ஊரு நீங்க?"

"ஹூசும்."

ஸ்டீனா அடுத்த அழைப்பை எடுத்துச் செருகினாள். முதலாளிக்கு வந்த பாதிரியாரின் அழைப்பு கக்கூஸ் குழாய் பழுதுபார்க்கிறவருக்குப் போனது. பத்து மணிக்குள் இன்னும் இரண்டு அழைப்புகள் இப்படித் திசைமாறின. கார்னிவல் நாள் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

எதிர்த் தெருவில் ஒரு துணிக்கடை. கடைக்காரர் ஹார்க்கின் கன்னத்துச் சிவப்பையும் வெறுங்கழுத்தையும் பார்த்துவிட்டு, எத்தனை டை வேண்டும் என்று கேட்டார். ஒன்று போதும் என்றான். அவர் வருத்தத்தோடு இரண்டைக் கட்டிக் கொடுத்தார். முதலாவது தொழிற்சாலை வாசல் வரைக்கும் வந்தது. அங்கே பொதி கட்டும் பிரிவுப் பெண்கள் இரண்டு பேர் தேனீ வேஷத்தில் நின்றிருந்தார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக் குலுக்கினாள், மற்றவள் வெட்டினாள். இரண்டு முத்தம்.

இரண்டாவது டையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டான். உணவுக்கூடத்தைக் கடந்துதான் மாடிப்படிக்குப் போக வேண்டும். பையிலிருந்து அரை விரல் நுனி எட்டிப் பார்த்ததை அவன் கவனிக்கவில்லை, சமையல்காரி கவனித்தாள். மாவு பிசைந்த கையாலேயே உருவி, இறைச்சிக் கத்தரியால் வெட்டி, பலமாக ஒரு முத்தம் கொடுத்து, அந்த அதிர்ச்சியில் அவன் கக்கத்திலிருந்து விழுந்த கண்ணாடித் தாள்களை எல்லாம் பொறுக்கியும் கொடுத்தாள். விழுந்தது ஜாம் அடைத்த இனிப்பு உருண்டைத் தட்டில். இருபத்திரண்டு தாள், இரண்டு வார உழைப்பு, ஸ்ட்ராபெர்ரி ஜாமில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கைக்குட்டையால் துடைத்தான், எழுத்தும் சேர்ந்து வந்தது. அதே கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான், கன்னம் முழுக்கச் சிவந்து போனது.

அவன் முகத்தைப் பார்த்துச் சமையல்காரிக்கே பாவமாகிவிட்டது. உட்கார வைத்து ஒரு சின்னக் கோப்பை பியரை ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு வாரமாக அவனைக் கண்டாலே 'வணக்கம் சார்' என்று விறைத்துக்கொண்டு நின்றவள், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, பழுதுபார்க்கிற ஆட்கள் தினமும் நாலு மணிக்கு மேல் இங்கேதான் காபி குடித்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள், அவர்களுக்கு உதிரி பாகம் கிடைக்காது, தெரியுமா என்றாள். ஹார்க்குக்குத் தெரியாது. லிஃப்ட் பழுது ஏன் தாமதமாகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அவனை வரவழைத்திருந்தார்கள். ஆள் போதவில்லை என்று அவன் எழுதியிருந்த தாளின்மேல் இப்போது ஜாம் இருந்தது.

அப்பாவின் டையை மீட்கச் சம்பளப் பிரிவுக்குப் போனான். பலகையில் மற்ற ஐந்தும் இருந்தன, அதைக் காணோம்.

"குத்தித்தான் வச்சிருந்தேன், சார். யாரு எடுத்தாங்கன்னு தெரியலை," என்றாள் மார்லீஸ். அவன் கண் கலங்கியதைப் பார்த்து அவளும் பதறிப்போனாள். இழுப்பறைகளையெல்லாம் திறந்து தேடினாள். தேடிக்கொண்டே, உதிரி பாகக் கிடங்கின் ஒரே சாவி கிடங்குக்காரர் பையில் இருக்கிறது, அவர் நாலு மணி ரயிலுக்கு வீட்டுக்குப் போகிறவர், எல்லோருக்கும் இது தெரியும் என்றாள்.

டை கிடைக்கவில்லை. மணி ஒன்றரை.

கடைசியில் பட்டறை மேஸ்திரி ஓடென்டால்தான் கைகொடுத்தார். தலையில் சமையல் பானையைக் கவிழ்த்திருந்த அந்தப் பெரியவர், பெட்டியைத் துழாவி ஒரு டையை எடுத்தார். தகரத்தால் ஆனது. லிஃப்ட் கதவுத் தகட்டில் வெட்டி, வளைத்து, கோடுகூட வரைந்திருந்தார்கள்.

"எழுபத்தாறுல பண்ணினது, தம்பி. எந்தப் பொம்பளை வந்தாலும் இதை வெட்ட முடியாது," என்றார்.

கழுத்தில் மாட்டிப் பார்த்தான். நுனி சரியாகக் கொக்கியைத் தொட்டது. மாட்டிவிடும்போது ஓடென்டால் சாவிக் கதையின் மீதியையும் சொன்னார். இன்னொரு சாவி உண்டு, எழுபத்தொன்றில் முதலாளி வாங்கித் தன் மேசையில் போட்டார், அப்புறம் அதை யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றான் ஹார்க். கேட்டால், தொலைத்துவிட்டீர்களா என்று கேட்ட மாதிரி ஆகிவிடுமே என்றார்.

தகர டை நடக்க நடக்கச் சத்தம் போடும் என்பதை ஓடென்டால் சொல்ல மறந்துவிட்டார். படியேறும்போது 'டங் டங்' என்ற சத்தம் கேட்டு மூன்று மாடிப் பெண்களும் வெளியே வந்தார்கள். கத்தரிக்கோல்கள் தோற்றன. பிறகு யாரோ பட்டறைக்கு ஆள் அனுப்பினார்கள்.

இரண்டு மணிக்குக் கூட்ட அறையில் முதலாளி ஓவராட் தலைமை இடத்தில் உட்கார்ந்திருந்தார். பசு வேஷம். மடி மேசையில் இடித்ததால் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தார். அவர் பக்கத்தில் ஆலர்ஸ். பிரேமன் ரயிலில் நேரே வந்தவர், கணகணவென்று வெந்நீர்க் குழாய் காய்கிற அறையில் மேல்கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார். கழற்றுங்களேன் என்று முதலாளி இரண்டு தடவை சொல்லியும் மறுத்துவிட்டார். ஹார்க்கின் சிவந்த முகத்தையும் தகர டையையும் பார்த்தார். ஹூசும் ரயில் கண்முன்னால் வந்து நின்றதுபோல் இருந்தது ஹார்க்குக்கு.

ஒளிபெருக்கியை நோக்கிக் குனிந்தான். டை கண்ணாடியில் 'டங்' என்று மோதியது. முதல் தாளை வைத்தான். சுவரில் பெரிதாக ஒரு ஜாம் கறை தெரிந்தது.

"இது எந்தப் பிரிவு?" என்றார் முதலாளி.

அப்போது கதவு திறந்தது. தேனீக்கள், சமையல்காரி, மார்லீஸ், பின்னால் ஓடென்டால். முன்னால் வந்த தேனீயின் தோளில் தகடு வெட்டுகிற நீளக் கைப்பிடிக் கத்தரி. மன்னிக்கணும் முதலாளி, ஒரு நிமிஷ வேலை என்றாள். இரண்டு பேர் கைப்பிடியை அழுத்தினார்கள். தகரத் துண்டு தரையில் விழுந்து உருண்டது. முத்தம் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை.

இனிப் போக ஒன்றுமில்லை என்றானபிறகு மனுஷனுக்கு ஒரு தைரியம் வரும். ஹார்க் விளக்கை அணைத்தான்.

"லிஃப்ட் பழுது தாமதமாகறதுக்குக் காரணம் ஆள் குறைவு இல்லை, ஐயா," என்றான். "நாலு மணிக்கு மேல கிடங்கைத் திறக்கச் சாவி இல்லை. இன்னொரு சாவி உங்க மேசையில இருக்கு. எழுபத்தொண்ணுலேர்ந்து."

முதலாளி அவனைப் பார்த்தார். ஓடென்டாலைப் பார்த்தார். எழுந்து தன் அறைக்குப் போனார். இழுப்பறைகள் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது குளம்பு மாட்டிய கையில் பச்சை நாடா கட்டிய ஒரு சாவி இருந்தது.

"ரெண்டு வாரமா இங்க இருக்கீங்களே, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் யாரும் எங்கிட்ட பேசலை."

"ஏன் பேசலை?" என்று முதலாளி தன் ஆட்களைக் கேட்டார்.

"அதுவரைக்கும் அவரு டை கட்டியிருந்தாரு," என்றார் ஓடென்டால்.

பசுவின் மடி குலுங்கக் குலுங்க முதலாளி சிரித்தார். சிரித்து முடித்து, இன்னும் ஆறு மாதத்துக்கு இந்தப் பையனையே அனுப்புங்கள் என்று ஆலர்ஸிடம் சொன்னார். ஆலர்ஸ் கொஞ்சம் யோசித்தார். பிறகு மேல்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே அவருடைய கருஞ்சிவப்பு டை கட்டைவிரல் நீளத்துக்கு நின்றிருந்தது. காலரில் உதட்டுச் சாயம்.

"ரயில் நிலையத்துலயே ஆச்சு," என்று மெதுவாகச் சொன்னார். அதற்குப்பிறகு அவர் டை பற்றிப் பேசி ஹார்க் கேட்டதில்லை.

வேலை நிலைத்தது. ஆனால் எல்லோரும் பியரும் பாட்டுமாக உணவுக்கூடத்தில் கூடியபோது ஹார்க்கின் மனம் மட்டும் ஒட்டவில்லை. அப்பாவிடம் என்ன சொல்வது? அந்த மனிதர் வாழ்நாளில் பத்திரப்படுத்தி வைத்த ஒரே அலங்காரப் பொருள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலம் எங்கேயோ வெளியூரில் வேலை பார்த்தாராம், அதைத் தவிர மதகையும் கடலையும் விட்டு நகராதவர். வாங்கியிருந்தால் அந்தக் காசில்தான் வாங்கியிருக்க வேண்டும். வெட்டிவிட்டார்கள் அப்பா என்று தொலைபேசியில் எப்படிச் சொல்வது? சொன்னால் சரி என்பார். அந்த ஒற்றைச் சரியை நினைத்தே ஹார்க்குக்கு அழுகை வந்தது.

ஐந்து மணிக்குக் கிளம்பினான். வாசலில் ஸ்டீனாக்கா இன்னும் இருந்தாள். கூப்பிடாமலே அவனைக் கூப்பிடுவதுபோல் பார்த்தாள். பூனைக் காதைக் கழற்றியிருந்தாள். உதட்டுக்குச் சாயம் புதிதாகப் போட்டிருந்தாள். அவள் முன்னால், கருநீலப் பட்டு, வெள்ளிக் கோடு, முழு டை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஹார்க் அதை எடுத்துத் திருப்பினான். முடிச்சுக்குக் கீழே நாலு விரலில் காலையில் தட்டிய அதே மேடு. அதற்கு இரண்டு விரல் கீழே புதிதாக ஒன்று. நூல்தான் வேறு. சின்னச் சின்னதாய், சற்றே இடப்பக்கம் சாய்ந்து ஓடிய தையல் இரண்டிலும் ஒன்றே.

"ரொம்ப நன்றிக்கா," என்றான். "வித்தியாசமே தெரியலை. எங்கப்பா கேட்டா யாரு தைச்சதுன்னு சொல்லணும்?"

ஸ்டீனா இணைப்புப் பலகையின் கடைசிக் கம்பியைப் பிடுங்கிவைத்தாள்.

"மெல்ஃப்புக்குத் தெரியும் தம்பி, ஐம்பத்தாறுல இதை வெட்டினதும் தைச்சதும் நான்தான்," என்றாள். "நீ இதை மட்டும் சொல்லு: டையை அனுப்பினதுக்குப் பதிலா ஆளே வந்திருக்கலாம்னு."